டிக் டிக் என்றால் ஒன்று, டக் என்றால் வேறு

மழை தொடங்கிவிட்டது, கடிதங்களும் குவிந்துவிட்டன. வருடா வருடம் இதே கதைதான். சித்திரை வெயிலில் செத்த பேட்டரி, தான் செத்த சேதியை ஐப்பசி ஈரத்தில்தான் வீட்டுக்காரருக்குச் சொல்லும். இந்த இதழ் முழுக்க ‘வண்டி எடுக்கவில்லை’ கேள்விகளுக்கே வைத்துவிட்டேன். ஏசி சரியாகக் குளிரவில்லை என்று எழுதியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், வெயில் இப்போதைக்கு வராது.

புது பேட்டரி போட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது. காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’ என்று சத்தம். பத்து தடவை திருப்பினால் ஒரு தடவை எடுக்கிறது. கடையில் காட்டினால் ‘பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க’ என்கிறார்கள். எட்டு வருடப் பழைய சின்ன கார். தினமும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் போய் வருகிறேன். மறுபடியும் செலவு செய்யத்தான் வேண்டுமா?
(வாசகர், திருவொற்றியூர்)

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். எட்டு வருடம், எக்ஸ்பிரஸ் ரோடு என்று நீங்களே பாதி பதிலை எழுதிவிட்டீர்கள். அந்த ரோட்டில் ஒரு பக்கம் கடல், ரோடு முழுக்க கன்டெய்னர் லாரி, மேலே புழுதி. உப்புக் காற்று பாடியை அரிப்பது கண்ணுக்குத் தெரியும், திட்டுகிறோம். ஒயரும் இரும்பும் சேருகிற இடத்தை அரிப்பது தெரியாது, பேட்டரியைத் திட்டுகிறோம்.

முதலில் அந்தச் சத்தம் என்னவென்று சொல்கிறேன். இன்ஜினைச் சுற்றி எழுப்புகிற செல்ஃப் மோட்டாரின் முதுகில் சோலனாய்டு என்று ஒரு சின்ன டப்பா உட்கார்ந்திருக்கும். சாவியைத் திருப்பியதும் அது இழுத்துப் பிடித்து, பேட்டரியின் கரண்டை மொத்தமாக மோட்டாருக்குத் திறந்துவிட வேண்டும். சின்ன பெட்ரோல் காருக்கே அந்த நேரத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அவ்வளவு கரண்ட் வர வழியில்லை என்றால் வோல்டேஜ் படுத்துவிடும், சோலனாய்டு பிடியை விட்டுவிடும். விட்டதும் வோல்டேஜ் எழுந்துவிடும், அது மறுபடி இழுக்கும். இந்த இழுபறிதான் உங்கள் டிக் டிக் டிக். அதாவது செல்ஃபுக்குப் பசி, சோறு வரவில்லை. சோறே இல்லையா, வருகிற வழியில் அடைப்பா என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு கனமான ‘டக்’, அப்புறம் அமைதி என்றால் பெரும்பாலும் செல்ஃப் பக்கத்துக் கோளாறு. மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் கட்டை தேய்ந்திருக்கும், அல்லது சோலனாய்டின் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கும். எந்தச் சத்தமும் இல்லை என்றால் சாவி சுவிட்ச், ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), கிளட்ச் மிதித்தால்தான் எடுக்கும் வண்டியில் அந்தக் கிளட்ச் சுவிட்ச் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

சந்தேகமாக இருந்தால் இருட்டில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். லைட் அணைகிற மாதிரி மங்கினால் பேட்டரி அல்லது டெர்மினல், அதாவது பேட்டரி முனையில் ஒயர் மாட்டும் இடம். லைட் அப்படியே எரிந்துகொண்டிருக்க, ‘டக்’ மட்டும் கேட்டால் செல்ஃப்.

இனி மல்டிமீட்டர். சாதாரண மீட்டரே போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல், பேட்டரியின் இரண்டு முனையில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் பட்டினி. அடுத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது பத்தையொட்டி நின்றால் நல்லது, ஒன்பதரைக்கும் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். கடைசியாக வண்டி ஓடும்போது பாருங்கள். சுமார் 13.8-இலிருந்து 14.5 வரை வர வேண்டும். பன்னிரண்டிலேயே நின்றால் டைனமோ சார்ஜ் கொடுக்கவில்லை என்று அர்த்தம். எத்தனை பேட்டரி மாற்றினாலும் ஐந்து மாதம்தான் வரும். (இப்போது வருவது ஆல்டர்னேட்டர் என்று எனக்கும் தெரியும். எங்கள் பட்டறையில் அதற்குப் பெயர் டைனமோதான்.)

பேட்டரி 12.6 காட்டியும் டிக் டிக் என்றால், இப்படிச் செய்யுங்கள். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வையுங்கள். கவனியுங்கள், மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல, ஈய முனையிலேயே. இன்னொரு முள்ளை இன்ஜினில் துருப்பிடிக்காத ஓர் இரும்பில். இப்போது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கத்தில், அதாவது இன்ஜினிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்குக் கரண்ட் திரும்பும் வழியில், எங்கேயோ கரண்ட் சாகிறது. உங்கள் வண்டியில் இதுதான் நடக்கிறது என்பது என் ஊகம்.

காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் சின்ன வேன் ஒன்று என்னிடம் வந்தது. மூன்று பேட்டரி, ஒரு செல்ஃப் மோட்டார் என்று ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. மீன் பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர், சேஸிஸ் மேல் சொட்டிச் சொட்டி, எர்த் பட்டை முறுக்கியிருந்த போல்ட்டுக்கு அடியில் துரு ஏடு ஏடாக நின்றது. போல்ட்டைக் கழற்றி, எமரி தாளால் பளபளவென்று தேய்த்து, புது எர்த் பட்டை போட்டு முறுக்கினேன். வாங்கியது பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓட்டுநர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முன்னாடியே உங்களிடம் வந்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டு போனார்.

டெர்மினலை நீங்களே சுத்தம் செய்யலாம். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. பாசிட்டிவை முதலில் தொட்டு ஸ்பேனர் பாடியில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், என் இடது கை மோதிர விரலைச் சுற்றி ஒரு தழும்பு இருக்கிறது. தொழில் கற்றுக்கொண்ட காலம். மோதிரத்தைக் கழற்றாமல் லாரி பேட்டரியில் கை வைத்தேன். மோதிரம் சிவந்துவிட்டது. அதிலிருந்து மோதிரமே போடுவதில்லை, கல்யாணத்தில் போட்டதும் பீரோவில்தான் இருக்கிறது.

கழற்றிய பிறகு, வெந்நீரில் ஆப்ப சோடா இரண்டு ஸ்பூன் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்தால் வேலை நடக்கிறது. கரைசல் பேட்டரி மூடி வழியாக உள்ளே போகக் கூடாது. கழுவித் துடைத்து, கிளாம்பின் உட்பக்கத்தையும் ஈய முனையையும் எமரி தாளால் லேசாகத் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். கையால் திருகிப் பார்த்தால் அசையக் கூடாது. வாசலின் தடவுவது மாட்டி முடித்த பிறகு, மேலே மட்டும். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், விபூதி எல்லாவற்றையும் டெர்மினல் மேலேயே அப்பிவிட்டு வருகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். சாமி கோபித்துக்கொள்ளாது, பொட்டை பானெட்டில் வையுங்கள்.

டெர்மினலில் கூல்டிரிங்க் ஊற்றினால் பளிச்சென்று ஆகிவிடும் என்று வீடியோவில் காட்டுகிறார்களே?
(கல்லூரி மாணவர், கொருக்குப்பேட்டை)

ஆகும் தம்பி, அதில் இருப்பதும் ஒரு ஆசிட்தானே. அப்புறம் சர்க்கரைப் பாகு காய்ந்து ஒட்டும், எறும்பு வரும், புழுதி படியும். ஆப்ப சோடா பாக்கெட் அதைவிட மலிவு. கூல்டிரிங்கை நீங்கள் குடித்துவிடுங்கள்.

மெட்ரோ வந்ததிலிருந்து வேலைக்கு ரயிலில்தான் போகிறேன். கார் தெருவில் நிற்கிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து எடுத்தால் செத்துக் கிடக்கிறது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து விடுகிறேன், அப்படியும் இப்படி ஆகிறது. வண்டியில் டேஷ் கேமராவும் ஜிபிஎஸ்ஸும் போட்டிருக்கிறேன்.
(வாசகர், தண்டையார்பேட்டை)

2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் விட்டார்கள் இல்லையா, அதற்குப் பிறகு என் பட்டறைக்கு இது ஒரு புது வியாதி. ஓடித் தேய்ந்த வண்டி போய், நின்று சாகிற வண்டி வருகிறது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். சின்ன காரில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது என்று வையுங்கள். பூட்டி நிறுத்திய காரும் சும்மா இருப்பதில்லை. கடிகாரம், அலாரம், சாவியை எதிர்பார்த்திருக்கும் ரிசீவர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை குடித்தால் நியாயம் என்று விட்டுவிடலாம். அந்த நியாயமான குடிக்கே 35 ஆம்பியர்-மணி 700 மணி நேரத்தில், அதாவது 29 நாளில் காலி. ஆனால் மொத்தமும் தீரும்வரை செல்ஃப் காத்திருக்காது, பாதிக்குக் கீழே இறங்கினாலே முனக ஆரம்பித்துவிடும். ஆக உங்கள் இரண்டு வாரம் சரியாகத்தான் வருகிறது. இதோடு கேமராவும் ஜிபிஎஸ்ஸும் சாவியை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டிருந்து, எல்லாம் சேர்ந்து 300 மில்லி ஆம்பியர் இழுத்தால்? 117 மணி நேரம். ஐந்து நாள்கூட முழுதாகத் தாங்காது. ஆக்சஸரி கடைப் பையன்கள் வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று, எப்போதும் கரண்ட் வருகிற ஒயரில் கேமராவைச் சொருகிவிடுகிறார்கள். அதைச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஃபியூஸுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

அந்த ஐந்து நிமிட ஸ்டார்ட்டை முதலில் நிறுத்துங்கள். செல்ஃப் ஒரு வாய் பெரிதாக எடுத்துவிடுகிறது. நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும் டைனமோ, ஏசியும் லைட்டும் எரிந்தால், திருப்பிக் கொடுப்பது சொற்பம். வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். வீட்டம்மாவை உட்காரவைத்து எண்ணூர் வரை ஒரு சுற்று போய் வந்தால் பேட்டரிக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது. முடியாதென்றால், ஊருக்குப் போகிற நாட்களில் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். கடிகார நேரமும் ரேடியோ ஸ்டேஷனும் அழியும், அவ்வளவுதான். சில வண்டிகளில் ரேடியோ கோட் கேட்கும், அந்த அட்டையை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றுவதற்கு முன் டிக்கியைத் திறந்து வைத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம். கரண்ட் இல்லாமல் டிக்கி திறக்காத வண்டிகள் உண்டு.

கசிவு எங்கே என்று நீங்களே தேட ஆசையிருந்தால், மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய ஒயருக்கும் நடுவில் இணையுங்கள். கதவுகளைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகும். அவசரப்பட்டுப் பார்த்துவிட்டு ஐயோ இவ்வளவு கசிகிறதே என்று பதற வேண்டாம். பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கினால் எண் சடாரென்று இறங்குகிறதோ அந்த வழியில்தான் திருடன். மீட்டர் அப்படி இணைந்திருக்கும்போது தவறியும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் புகையும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வாத்தியார் காரில் இந்தத் திருடனை இரண்டு நாள் தேடினேன். கடைசியில் டிக்கிக்குள் இருக்கும் 5 வாட் பல்பு. மூடிய பிறகும் உள்ளே எரிந்துகொண்டிருந்தது. மூடினால் அது அணைந்ததா என்று எப்படிப் பார்ப்பது? வாத்தியாரின் பேரன் தன் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினான். எனக்கு அந்த யோசனை வரவில்லை.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. வண்டி மட்டும் எடுக்கவில்லை. பேட்டரி மாற்றலாமா?
(வாசகி, கொளத்தூர்)

செல்ஃப் நன்றாகச் சுற்றினால் பேட்டரி தன் வேலையைச் செய்துவிட்டது அம்மா, அதை விட்டுவிடுங்கள். சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பிக் காதைத் தீட்டுங்கள். பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி மெல்லிய ‘உம்ம்’ கேட்க வேண்டும், அதுதான் பெட்ரோல் பம்ப். கேட்கவில்லை என்றால் அதன் ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டும் எடுக்கவில்லை என்றால் மீட்டர் போர்டில் சாவிப் படம் மின்னுகிறதா பாருங்கள். மின்னினால் சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவியால் முயலுங்கள். ஒரே வளையத்தில் வேறு வண்டிச் சாவியும் தொங்கினால் அதைக் கழற்றிவிட்டு முயலுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் சாவியைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். எதற்கும் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள், அரை நிமிடம் ஆறவிட்டு அடியுங்கள்.

மணலியில் வண்டி நின்றுவிட்டது. ஒரு டிரெய்லர் லாரிக்காரர் ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்து தருகிறேன் என்றார். பயந்து மறுத்துவிட்டேன். நான் செய்தது சரியா?
(வாசகி, பெரம்பூர்)

உங்கள் பயத்துக்கு ஒரு கும்பிடு. கார் 12 வோல்ட். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாகக் கோர்த்து 24 வோல்ட்டாக ஓட்டுகிறார்கள். அதை நேராக உங்கள் காருக்குக் கொடுத்திருந்தால் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் போர்டு முதல் பலியாகியிருக்கும். அந்த மனிதர் நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் வடசென்னைப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு லாரி நிற்கிறது, உதவி அங்கிருந்துதான் முதலில் வரும். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: காருக்கு ஜம்பர் போட இன்னொரு கார்தான். ஆட்டோ பேட்டரி 12 வோல்ட்தான் என்றாலும் பிள்ளைப்பூச்சி, அதனால் இழுக்க முடியாது.

வரிசை இது. சிவப்பு ஒயரின் ஒரு முனை செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு ஒயர் நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனை செத்த காரின் இன்ஜின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசிப் பிடிப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அது பொறிக்குக் காத்திருக்கிற வாயு. அதனால்தான் தள்ளி. நல்ல காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அப்புறம் உங்கள் காரை எடுங்கள். கழற்றுவது அப்படியே தலைகீழ் வரிசையில். பேட்டரி வயிறு உப்பியிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ ஜம்பரே போடாதீர்கள்.

நாலு பேர் தள்ளினால் எடுத்துவிடாதா? எங்கள் தெருவில் ஆள் பஞ்சமே இல்லை.
(வாசகர், வியாசர்பாடி)

ஆள் இருப்பது தெரியும், கியர் எப்படி என்று எழுதவில்லையே. கையால் கியர் போடுகிற, கிளட்ச் இருக்கிற வண்டி என்றால் சாவி ஆன், இரண்டாம் கியர், கிளட்சை மிதித்துக்கொண்டு தள்ளச் சொல்லி, வேகம் வந்ததும் கிளட்சை விட வேண்டும். மீட்டர் போர்டு லைட்கூட எரியாத அளவுக்குப் பேட்டரி செத்திருந்தால் தள்ளியும் பயனில்லை. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் கரண்ட் வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி எடுக்க முடியாது. அந்த நாலு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பேட்டரிக்கு வீட்டுக் கேன் தண்ணீர் ஊற்றலாமா? ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் நல்லது என்றும் சொல்கிறார்கள்.
(வாசகி, கொடுங்கையூர்)

இரண்டும் கூடாது. கேன் தண்ணீரில் உப்பு குறைவாக இருக்கலாம், இல்லாமல் இருக்காது. அந்த உப்பு தகடுகளில் படிந்து உள்ளேயே கசிவை உண்டாக்கும். ஏசித் தண்ணீர் உள்ளே குளிரூட்டும் குழாய்ச் சுருள் மேல் படிந்த அழுக்கையும் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வருகிறது. டிஸ்டில்டு வாட்டர் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும். தகடு மூழ்கி, குறித்திருக்கும் கோடு வரை போதும். ஆசிட் மட்டும் ஒருபோதும் நீங்களாக ஊற்றாதீர்கள். குறைந்தது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. மூடியே திறக்காத பேட்டரி என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

போன மழையில் தெருவில் நின்ற காருக்குள் சீட் வரை தண்ணீர். வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்கிறார் மாமா.
(வாசகர், எர்ணாவூர்)

மாமாவிடமிருந்து சாவியை வாங்கி வையுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். இன்ஜினுக்கென்று தனியாகக் காப்பீடு எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் தலையில்தான் விழும். நெகட்டிவைக் கழற்றுங்கள், சாவியை ஆன்கூடப் போடாதீர்கள், வண்டியைத் தூக்கி ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள், பால் கலந்த டீ நிறம் என்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உங்கள் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. அப்போது மேலே கழுவித் துடைத்துவிட்டு ஓட்டிய கார்கள், இரண்டு மாதம் கழித்து ஒவ்வொன்றாக என்னிடம் வந்தன. சீட்டுக்கு அடியில், கார்பெட்டுக்குக் கீழே ஓடும் ஒயர் கனெக்டர்கள் பச்சை பூத்துப்போயிருந்தன. கார்பெட்டை முழுதாக எடுத்துக் காயவைக்காத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் புல்லட்டில் ஆம்ஸ் மீட்டர் முள்ளைப் பார்த்தே சார்ஜ் ஏறுகிறதா என்று சொல்லிவிடுவோம். மகன் வாங்கிய காரில் ஒரு சிவப்பு பேட்டரி லைட்தான் இருக்கிறது. இது போதுமா?
(வாசகர், திருவொற்றியூர்)

ஐயா, நான் தொழில் பழகியதே அந்த முள்ளைப் பார்த்துத்தான். நடுவில் பூஜ்ஜியம், வலப்பக்கம் சாய்ந்தால் வரவு, இடப்பக்கம் சாய்ந்தால் செலவு. சிவப்பு லைட் வீட்டில் எல்லாம் தீர்ந்த பிறகு சொல்கிற ஆள். அது எரிந்தால் டைனமோ நின்றுவிட்டது, பெல்ட் அறுந்திருக்கலாம், ஏசியையும் மற்ற சாமான்களையும் அணைத்துவிட்டு ஓரம் கட்டுங்கள். பெல்ட் தண்ணீர் பம்பையும் சுற்றும் வண்டி என்றால் ஓட்டவே ஓட்டாதீர்கள், இன்ஜின் சூடேறிவிடும். முள்ளுக்குப் பதில், லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற சின்ன வோல்ட் மீட்டர் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. சாவி ஆனில் 12-க்கு மேல், வண்டி ஓடும்போது 14-ஐ ஒட்டி. மகனிடம் சொல்லி ஒன்று வாங்கிப் போடுங்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டில் கரண்ட் இருக்கும். இறங்கும்போது பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் தண்டையார்பேட்டைக்காரர் கதைதான்.